அரிசிக்கு அடுத்தது காய்கறி



வயிறு நிறைவது வேறு. உடல் தேறுவது வேறு. 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையில்லா அரிசி வழங்கப்பட்டு வருகிறது. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இந்த நியாயவிலைக் கடைகளுள் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவன நம் கூட்டுறவுச் சங்கங்களே என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும், 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழகப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கூறுகிறது. அரிசி ஒன்றினால் இக்குறை தீராது.

ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் காய்கறியுமாக 400 கிராமும், பழம் 100 கிராமும் வேண்டும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வகுத்த அளவு. நால்வர் கொண்ட வீட்டிற்கு இது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய்கறி ஆகும். தறிக்கூலியில் மளிகையும் பள்ளிச் செலவும் போக எஞ்சியதைக் கொண்டு காய் வாங்கும் நெசவாளர் வீட்டில் இவ்வளவு காண்பது எளிதன்று. பணம் குறையும் வாரத்தில் முதலில் குறைவது காயும் பழமுமே.

அரசு வாளாவிருக்கவில்லை. பள்ளி மதிய உணவில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 50 கிராமும், நடுநிலை வகுப்பினருக்கு 75 கிராமும் காய்கறி சேரவேண்டுமென விதியுண்டு. 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. ஈரோடு சம்பத் நகரிலும் ஒன்று உள்ளது. 2013இல் சென்னையில் கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகள் தோன்றின. 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது, அங்கே நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அமெரிக்க நாட்டிலோ, ஏழைத் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் உதவும் திட்டத்தில், பழமும் காய்கறியும் வாங்குவதற்கென்றே 2009 முதல் தனித்தொகை அளிக்கின்றனர். அத்தொகையை வேறு பண்டத்திற்குச் செலவிட இயலாது.

நிற்க. நகரத்துச் சந்தைக்குச் சென்றுவர அரை நாள் கூலியை இழக்கவேண்டிய நெசவாளருக்கு அச்சந்தை எட்டாக்கனியே. மறுபுறம், கொடுமுடிப் பகுதியில் காவிரியும் காலிங்கராயன் வாய்க்காலும் பாயும் வயல்களில் வாழையும் காயும் விளைவிக்கும் குடியானவர், விலை சரிந்த நாளில் பறிகூலிக்கும் கட்டாமல் வருந்துகிறார். இருவரும் கூட்டுறவு அங்கத்தினர்களே; இடையிலுள்ள தூரமும் சில மைல்களே.

ஆகவே, நாம் ஒரு யோசனை கூற விழைகிறோம். நெசவாளர் சங்கத்தில் கூலி பட்டுவாடா நாளன்றே, அடுத்த வாரத்திற்கு வேண்டிய காய்களை ஒவ்வொரு குடும்பமும் எழுதித் தரட்டும். அப்பட்டியலைப் பெற்று விவசாயக் கூட்டுறவுச் சங்கம் வேண்டிய அளவே பறிக்கச் சொல்லட்டும். அழுகிக் கழியும் சரக்கே காய்கறிக் கடைகளை நட்டத்தில் ஆழ்த்துவது. முன்கூட்டிய பட்டியல் அந்நட்டத்தைப் பெரிதும் குறைக்கும். விலை மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அமையட்டும். இருசாராரும் பயனடைவர்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். அங்கத்தினர் எழுத்து மூலம் இசைந்தாலன்றிக் கூலியில் பிடித்தம் செய்தல் கூடாது. இவ்வியாபாரத்திற்குத் துணைவிதிகள் இடந்தருகின்றனவா என்று முதலில் பார்த்தல் வேண்டும். கணக்கைத் தனியே எழுதுதல் வேண்டும். குடியானவருக்கு அன்றன்றே பணம் தருதல் வேண்டும். தவணை சொன்னால் அவர் மீண்டும் தரகரிடமே செல்வார்.

இம்முறை வேரூன்றிய இடங்களில், ஏழைக் குடும்பங்களுக்குக் காய்கறிக்கென ஒரு சிறு மானியம் தருமாறு அரசை நாம் கேட்கலாம். செய்து காட்டியவர் கேட்பதற்கு மதிப்பு மிகுதி. வரும் பொதுப்பேரவையில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆராயுமாறு சங்க நிர்வாகிகளை வேண்டுகிறோம்.