கல்லில் யார் பெயர்?

தஞ்சைக்குச் சுற்றுலா போகிறவர்கள் என்ன காண்கிறார்கள்? பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்கிறார்கள். நந்தியருகே நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். தலையாட்டிப் பொம்மை வாங்கித் திரும்புகிறார்கள். பயணம் முடிந்தது! தொழிற்சங்கத் தோழர்கள் வண்டி பிடித்துக் கூட்டமாகப் போகும்போது இவ்வளவோடு திரும்பிவிடக் கூடாது என்கிறோம் நாம்.

இராசராசன் 1010-இல் எழுப்பி முடித்த கோயில், ஆயிரம் ஆண்டு கடந்தும் நிமிர்ந்து நிற்கிறது. தமிழன் கைத்திறனுக்குச் சான்று, பெருமைப்படுவோம். ஆனால், விமானத்தைப் பார்த்த கண்ணைச் சற்றே கீழிறக்குங்கள். அடித்தளத்திலும் சுற்றுமதிலிலும் எழுத்து, எழுத்து, எழுத்து! கோயிலின் கணக்கேடு அது. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் உண்டு. ஆடல் மகளிர் 400 பேரின் பெயர், குடியிருந்த தெரு, வீட்டு வரிசை உண்டு. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்று ஊதியமும் உண்டு.

அந்த நெல் எங்கிருந்து வந்தது? எந்த ஊர் எவ்வளவு அளக்கவேண்டும் என்பதும் கல்லில் இருக்கிறது. அளந்த மரக்காலுக்குக்கூடப் பெயர் உண்டு: 'ஆடவல்லான்'! அந்த மரக்காலை நிரப்பியவனுக்கு? வரி நீங்கிய இடங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. சேரி உண்டு, அங்கே வாழ்ந்து, சேற்றில் இறங்கி உழுது நட்டு அறுத்தவன் பெயரை அந்தப் பட்டியலில் காணோம்!

ஆகவே, பிற்பகலில் கிழக்கே புறப்படுங்கள் தோழர்களே! நாகை மாவட்டம், கீழவெண்மணி. 1968-இல் அது தஞ்சை மாவட்டத்து ஊர். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-லேயே வந்தாயிற்று. ஆனாலும் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய்த் திரண்டவர்கள்மீது நிலப்பிரபுக்களின் ஆத்திரம் பாய்ந்தது. டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் கருகின. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்! கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

அங்கே நினைவுக் கல்லில் 44 பெயர்களும் இருக்கின்றன. நெல் விளைவித்தவன் பெயர் கல்லில் ஏறுவதற்கு, அவன் குடும்பமே எரியவேண்டியிருந்தது!

அந்தப் பெயர்களை உரக்கப் படியுங்கள். உடன் வந்த பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு சொல்லலாம், தஞ்சையைப் பார்த்துவிட்டோம் என்று!