ப்ளேபென்: பூட்டில்தான் விஷயம்

தவழத் தொடங்கிய குழந்தை எதையும் விட்டுவைக்காது. பிளக் பாயிண்ட், செருப்பு, எறும்பு, எல்லாம் அதற்கு வேண்டும். அடுப்பில் கடுகு வெடிக்கும்போது பின்னாலேயே ஓடவும் முடியாது. அந்தப் பத்து நிமிடத்துக்கு உதவுவது ப்ளேபென்: நாலு பக்கமும் தடுப்பு, மேலே திறப்பு, உள்ளே இரண்டு பொம்மை. முன்பு மரச்சட்டத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் உலோகச் சட்டமும் வலைத்துணியும்தான்; மடித்தால் ஒரு பையில் அடங்கிவிடும்.

வலை அழகுக்காக வைத்ததல்ல. முகம் அதில் அழுந்தினாலும் குழந்தை மூச்சுவிடலாம். கண்ணி கால் அங்குலத்துக்கும் சிறியதாக இருந்தால்தான் விரலோ சட்டைப் பொத்தானோ மாட்டாது.

மடங்கும் வகையில் கவனிக்க வேண்டியது பூட்டு. மேல்சட்டங்கள் நான்கும் நடுவில் மடியும். தரையின் நடுவே ஒரு கைப்பிடி இருக்கும். விரிக்கும்போது அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, முதலில் நான்கு சட்டங்களையும் 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை இழுக்க வேண்டும். அதன் பிறகே தரையை அழுத்த வேண்டும். தரையை முதலில் அழுத்திவிட்டால் சட்டங்கள் பூட்டிக்கொள்ளாது.

பூட்டு விட்டுப்போனால் சட்டம் உள்பக்கமாக மடிந்து, குழந்தையின் கழுத்தை நெரிக்கும். 1998இல் சிகாகோவில், குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில், இதேபோல் மடங்கும் கட்டிலில் ஒரு குழந்தை அப்படித்தான் இறந்தது. அந்த மாடலை ஆபத்தானது என்று 1993லேயே திரும்பப் பெறச் சொல்லியிருந்தார்கள், பயன்படுத்தியவர்களுக்குத்தான் தெரியவில்லை. அந்தக் குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டப்பிரிவு அமெரிக்காவில் 2008இல் வந்தது. பூட்டு, தரையின் வலு, பக்க உயரம் எல்லாவற்றையும் சோதிக்கும் கட்டாய விதிகள் 2013இல் நடைமுறைக்கு வந்தன.

நம் வீடுகளில் நடக்கும் தவறு வேறு. தரை கெட்டியாக இருக்கிறதே என்று பாசத்தோடு இன்னொரு மெத்தையைப் போடுவார்கள். ஓரத்து இடைவெளியில் குழந்தை சிக்கி மூச்சுத் திணறலாம். கூடவே வந்த மெல்லிய விரிப்பு போதும், தலையணையும் வேண்டாம். நாள் முழுக்க உள்ளே விட்டுவைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தவழும் வயதில் தரைதான் பள்ளிக்கூடம். ஏறிக் குதிக்கப் பழகிவிட்டால், அதோடு ப்ளேபெனை மடித்துவிட வேண்டியதுதான்.

சொந்தக்காரர் வீட்டுப் பழையது கைக்கு வந்தால், விரித்து நான்கு சட்டங்களையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஒன்று மடிந்தாலும் வாங்காதீர்கள்.