பதநீர்க் கலயமும் சுண்ணாம்பும்

தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர், உடன்குடி வட்டாரங்களில் பனையேறுவோர், பாளை சீவிக் கலயங் கட்டுமுன் அதன் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவது நெடுநாளைய வழக்கம். பூசாத கலயத்தில் ஊறுவது கள். பூசியதில் ஊறுவது பதநீர். இவ்வளவும் யாவரும் அறிந்ததே. ஆயினும், பூச்சுச் சற்றே குறைந்தவிடத்து, கள்ளாக மாறாமல் நாவுக்கு இனிப்பாகவே இருக்கும் பதநீருங்கூட, காய்ச்சும்பொழுது பாகாகவே நின்று சிரட்டையில் உறையாமற் போவதுண்டு. ஒரு நாளைய உழைப்பையும் விறகையும் வீணாக்கும் இந்நஷ்டத்திற்குக் காரணம் என்ஸைம் எனப்படும் நொதிப்பொருளே.

பதநீரில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 12 பங்கு சர்க்கரை உண்டு. அதிற் பெரும்பகுதி, கரும்பிலும் உள்ள சுக்ரோஸ் ஆகும். பாளையின் வெட்டுவாயிலும் கலயத்திலும் குடியேறும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள், இன்வர்டேஸ் என்ற என்ஸைமைச் சுரந்து, அச்சுக்ரோஸை க்ளூக்கோஸ், ப்ரக்டோஸ் என இரண்டாகப் பிளக்கின்றன. இவையும் இனிப்பனவே, ஆனால் எளிதிற் படிகமாகா, எஞ்சிய சுக்ரோஸ் படிவதையும் தடுக்கும்.

என்ஸைம் என்பது உயிர்கள் ஆக்கும் ஒரு புரதம். அதன் உருவிலுள்ள குழிவு, தனக்குப் பொருந்தும் பொருளையே பற்றும். பிளந்தபின் விடுத்து, அடுத்ததைப் பற்றும். தான் செலவாவதில்லையாதலின், மிகச் சிறிதளவே ஒரு கலயத்தைக் கெடுக்கப் போதும். ஈஸ்ட் இறந்தாலும் அதன் என்ஸைம் ஓயாது. ஈஸ்டை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறே சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்பதை, ஜெர்மானியரான எட்வர்ட் பூக்னர் 1897-ல் மெய்ப்பித்தார்.

இன்வர்டேஸ் இலேசான புளிப்பில்தான் விரைந்து வேலை செய்யும். சுண்ணாம்பு பதநீரைக் காரமாக்கவே, அதன் பிளக்குந் திறன் ஒடுங்குகிறது, ஈஸ்டும் பெருகுவதில்லை. இக்கரையில் இதற்குக் கடற்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு வழங்கி வந்தது. வியப்பு யாதெனில், சிப்பி தன் ஓட்டைக் கட்டுவதும் என்ஸைமின் துணைகொண்டே. முத்துச்சிப்பியின் ஓட்டிலுள்ள ஒரு புரதம், கரியமிலவாயுவைச் சுண்ணாம்புச் சத்துடன் சேரத்தக்க வடிவிற்கு மாற்றித் தருகிறது.

சுண்ணாம்பு மிகினும் தீதே. கருப்பட்டி கறுத்துச் சுவை கெடும். ஆகையாற் பதநீரைத் தெளியவைத்து வடித்த பின்னரே காய்ச்சுதல் வேண்டும். கொதிப்பு என்ஸைமின் அமைப்பையே குலைத்துவிடும். வெயிலின் இளஞ்சூடோ அதன் வேகத்தைக் கூட்டும். எனவே விடியலில் இறக்கியதை வெயில் ஏறுமுன் அடுப்பேற்றுதல் நலம். முந்திய நாட் கலயத்தைக் கொதிநீரிற் கழுவிக் காயவைத்த பின்னரே மறுபடி சுண்ணாம்பு பூசுக.