நெற்பயிரிடையே நெற்சப்பியை இனங்காணல்

நெல்வயற் களைகளுள் கமக்காரரை எளிதில் ஏமாற்றுவது நெற்சப்பியாகும். இளம் பருவத்தில் இது நெல்லைப்போலத் தோன்றுவதால், களைபிடுங்குவோர் சிலவேளைகளிற் களையை விட்டுப் பயிரைப் பிடுங்கிவிடுகின்றனர். நெல்லை ஒத்த செடிகளே தலைமுறை தலைமுறையாக மனிதர் கண்ணுக்குத் தப்பி விதை பரப்பியமையால், இவ்வொற்றுமை மேலும் வலுப்பெற்றது. தப்பிய களை, பயிருக்குரிய பசளையையும் ஒளியையும் கவர்ந்து விளைச்சலைக் குறைக்கின்றது.

நெல்லும் நெற்சப்பியும்

மூன்றாம் இலை விரிந்தபின், இலையின் அலகு மடலோடு சேருமிடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லில் அவ்விடத்தே வெண்மையான மெல்லிய சிறுநாவும், இரு புறமும் மயிர் கொண்ட காதுபோன்ற உறுப்புக்களும் உள. நெற்சப்பியில் இவை இரண்டும் இல்லை. நிறத்தையும் உயரத்தையும் மட்டும் நம்புதல் தவறாகும்.

இரு இனங்கள்

நம் வயல்களில் நெருங்கிய உறவுடைய இரு இனங்கள் காணப்படுகின்றன. வசதி கருதி அவற்றைப் பெரிய இனம், சிறிய இனம் என இங்கே குறிப்பிடுவோம்.

1. பெரிய இனம் (எக்கைனோகுளோவா குருஸ்-கல்லி): ஒரு மீற்றருக்கு மேலும் நிமிர்ந்து வளரும். சிறுகதிர்கள் 3 முதல் 4 மில்லிமீற்றர் நீளமானவை. அவற்றின் நுனியிற் பெரும்பாலும் நீண்ட கூர் காணப்படும். நீர் தேங்கிய வயலிலும் செழித்து வளரும்.

2. சிறிய இனம் (எக்கைனோகுளோவா கொலோனா): பொதுவாக முக்கால் மீற்றருக்கு உட்பட்டது, அடியிற் சாய்ந்து படர்வதுண்டு. இலைகளிற் சிலவேளை ஊதாநிறக் குறுக்குப் பட்டைகள் தோன்றும். சிறுகதிர்கள் 2 முதல் 3 மில்லிமீற்றர் நீளமானவை, கூர் அற்றவை, குறுகிய கிளைகளில் ஒழுங்கான வரிசைகளாக அமைந்திருக்கும். ஈரமான மேட்டுப்பாங்கை விரும்பும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

சிறிய இனம் வயலில் ஓரிடத்தே மிகுந்திருப்பின், அவ்விடம் மேடாகி நீர் தங்காதிருத்தல் கூடும். ஆதலால் அடுத்த போகத்தில் நிலத்தை நன்கு சமப்படுத்துக. நாற்றுக்கள் அமிழாதவாறு நீரை நிறுத்திவைப்பின், இரு இனங்களும் புதிதாக முளைப்பது பெரிதும் குறையும். ஆயினும், வேரூன்றிவிட்ட பெரிய இனத்தை நீர் மட்டும் அடக்காது. அதனைக் கையாற் பிடுங்கியே அகற்ற வேண்டும்.

இவ்விரண்டும் நெல் அறுவடைக்கு முன்னரே விதை உதிர்க்க வல்லவை. ஆகவே, பூக்குமுன் வயலிலும் வரம்பிலும் உள்ளவற்றை அகற்றுக. விதைநெல்லையும் தூய்மையாக்கியே விதைக்குக. இன்று உதிரும் விதையே வரும் போகத்தின் களை என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.