உள்ளிருந்து திறக்கும் வாசல்

வருசநாட்டில் இருக்கும் அம்மாவும், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளும் வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். நடுவே ஒரு நிறுவனத்தின் கணினி குரலை வாங்கிக் கை மாற்றுகிறது என்றுதான் பலரும் நினைத்திருப்போம். இருவர் மட்டும் பேசும் அழைப்பில் பெரும்பாலும் அப்படியில்லை. இரண்டு போன்களும் முடிந்தவரை நேரடியாகவே இணைந்துகொள்கின்றன. செல்கோபுரமும் கேபிளும் வழியில் இருக்கும். இடையாள் கணினிதான் இருக்காது.

இத்தனைக்கும் இணையத்தின் பழைய முகவரி முறையில் அந்தப் போன்களுக்குச் சொந்த முகவரி கிடையாது. ஐபிவி4 எனும் அம்முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல போன்களுக்குப் பங்கிடுகின்றன. பங்கிடும் கருவிக்கு ‘நாட்’ என்று பெயர். மில் வாசல் காவலாளியைப் போன்றது அது. உள்ளே இருப்பவர் யாரையாவது தேடி வெளியே ஆள் அனுப்பியிருந்தால்தான், தேடப்பட்டவரிடமிருந்து வருபவரை உள்ளே விடும். அம்மா அழைத்தால் மகள் பக்கம் தடுக்கும். மகள் அழைத்தால் அம்மா பக்கம் தடுக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் அழகு. இரண்டு போன்களும் முதலில் ஒரு பொதுக் கணினியிடம், ‘வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரி என்ன?’ என்று கேட்கின்றன. 2003இல் வகுக்கப்பட்ட ‘ஸ்டன்’ என்ற நெறிமுறை இதற்கானது. கிடைத்த விடைகளை அழைப்புச் சேவையின் கணினி பரிமாறிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு இருவர் போனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மற்றவருக்குத் தரவுப் பொட்டலம் அனுப்புகின்றன. அம்மாவின் முதல் பொட்டலம் திருப்பூர்ப் பக்கம் தடுக்கப்பட்டு வீணாகலாம். ஆனால் அது வெளியே கிளம்பிய கணமே அம்மா பக்கத்து நாட் கருவியில் மகளின் முகவரி பதிவாகிவிட்டது. மகள் அனுப்பியது தடையின்றி உள்ளே வருகிறது. போய்ச் சேராத பொட்டலம்தான் வழியைத் திறக்கிறது!

இந்தத் ‘துளையிடும்’ உத்தியை பிரயன் ஃபோர்டு, பைடா ஸ்ரீசுரேஷ், டான் கெகல் மூவரும் 2005இல் சோதித்து எழுதினார்கள். அவர்கள் பார்த்த நாட் கருவிகளில் சுமார் 82 சதவீதம், குரல் அழைப்புக்கு உகந்த யுடிபி முறையில் இதற்கு இடம் கொடுத்தன. சில கருவிகளோ வெளியே இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் வெவ்வேறு கதவு எண்ணை (போர்ட்) காட்டும்; பொதுக் கணினி சொன்ன எண் மற்றவருக்குப் பயன்படாது. அங்கே உத்தி பலிக்காவிட்டால் இடையாள் கணினி வழியாகத்தான் குரல் போக வேண்டும். அந்தக் கணினி தொலைவில் இருந்தால் தாமதம் கூடும். அந்த அம்மாவைப் போல மேகமலை அடிவாரத்தில் ஒரு கோடு, இரண்டு கோடு சிக்னலில் பேசுபவர்களுக்கு அந்தக் கூடுதல் சுற்று பெரிய இடைஞ்சல்.

நேரடி இணைப்புக்கு ஒரு விலையும் உண்டு: எதிர்முனைக்கு நம் இணைய முகவரி தெரிந்துவிடும். முன்பின் அறியாதவர்களிடம் பேசும்போது இது கவனிக்க வேண்டிய விஷயம். அதை மறைக்க, எல்லா அழைப்பையும் தன் கணினி வழியே அனுப்பும் வசதியை வாட்ஸ்அப் 2023இல் கொண்டுவந்தது.

இப்போது இந்தியாவில் வேகமாகப் பரவியிருக்கும் ஐபிவி6 முறையில் ஒவ்வொரு போனுக்கும் தனி முகவரி தர முடியும், பங்கிட வேண்டியதில்லை. ஆனால் அழைக்காத பொட்டலங்களைத் தடுக்கும் பாதுகாப்புச் சுவர்கள் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. அங்கெல்லாம் இன்றும் இரு பக்கமும் உள்ளிருந்தே முதல் பொட்டலத்தை அனுப்பியாக வேண்டும்.