உவா நாளும் ஓய்வு நாளும்

கனடா நாட்டு ரொறன்ரோ மாநகரில் அடுக்குமாடி மனையொன்றிலே வாழும் பழைய மாணவர் ஒருவர், ஆவணி கழியும் வேளையில் எமக்கு ஒரு மடல் வரைந்திருந்தார். “இங்கே மேப்பிள் மரத்து இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன, ஐயா. செப்ரெம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் விடுமுறை. அன்று மனை அலுவலகம் பூட்டியிருக்கும், குப்பை மறுநாளே எடுக்கப்படும் என்று வாயிலில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். மன்னாரில் இப்பருவத்துச் செய்தி என்ன? நம் கடற்றொழிலாளருக்கு இப்படி ஒரு நாள் உண்டா?” என்பது மடலின் சாரம்.

முதல் வினாவுக்கு விடை எளிது. ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்று நூலோர் வகுத்தனர். மன்னார் வானம் அந்நூலைப் பாடங் கேட்டதில்லை போலும்! இங்கே புரட்டாதி வெயிற்காலம். கட்டுக்கரைக்குளம் வற்றிக் கிடக்கும்; பனைகளின் நிழலே தஞ்சம். மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடையோடுதான் வரும். இதனை நூலின் குற்றமென்று மாணவர் கொள்ளற்க. மேல்காற்று மழை பொழியும் நிலங்களை நோக்கிச் செய்த பகுப்பு அது. அக்காற்று நம் கரைக்கு வறண்டே வந்து சேர்கிறது.

வைகாசி முதல் ஓயாது வீசிய சோளகம் புரட்டாதியில் தளர்கிறது. வாடை இன்னும் எழவில்லை. மன்னார்த் தீவோ மெலிந்து நீண்ட நிலம். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கும். வாடையில் இது தலைகீழாகும். ஆதலால் தொழிலாளர் காற்றோடு கரை மாறுவர். வடகரையில் பேசாலை, தென்கரையில் தாழ்வுபாடு என ஊர்கள் நிலையாக நிற்க, தொழில் மட்டும் ஆண்டுக்கிருமுறை இடம் பெயரும். அப்பெயர்ச்சிக்கு ஆயத்தம் செய்யுங் காலம் இது. வலை பொத்துவாரும் வள்ளம் பழுது பார்ப்பாருமாகக் கரை நிறைந்திருக்கும். வேறு விருந்தினரும் வருவர். வங்காலைச் சதுப்பு நிலம் 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வடதிசைக் குளிருக்கு அஞ்சிய ஊசிவால் வாத்துகள் முதலாயின அங்கு வந்திறங்கும் பருவமும் இனித்தான்.

இரண்டாவது வினாவே எம்மை ஏடுகளைப் புரட்டச் செய்தது.

மாணவர் வாழும் ரொறன்ரோ நகரமே தொழிலாளர் நாளின் கதையில் பெரும் பங்குடையது. 1872இல் அந்நகரத்து அச்சுத் தொழிலாளர், நாளொன்றுக்கு ஒன்பது மணிநேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர்கள் சிறைப்பட்டனர். எனினும் அவ்வாண்டே தொழிற்சங்கங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1882 செப்ரெம்பர் 5ஆம் நாள் நியூயோர்க்கில் தொழிலாளர் ஊர்வலம் நடந்தது. 1894இல் ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் செப்ரெம்பர் முதல் திங்களைச் சட்டப்படி விடுமுறையாக்கின. அச்சுக் கோத்தவர் பெற்றுத் தந்த ஓய்விலேதான் அந்த அடுக்குமாடியார் இன்று துயில்கின்றனர் என்பதை மாணவர் அயலாருக்குச் சொல்லலாம்.

கூலி பெறுவோன் ஒருவனிடம் வேலை செய்கிறான். ஆதலின் அவனிடமே ஓய்வையும் கேட்கலாம். கடற்றொழிலாளி யாரிடம் கேட்பான்? நம் கரைகளில் பெரும்பாலும் பங்கு முறையே வழக்கு. பட்ட மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கரைவலைச் சம்மாட்டியும் அவ்வாறே பகிர்வார். கடலுக்குப் போகாத நாளில் பங்கில்லை. சம்பளத்துடன் விடுமுறை என்னும் சொற்றொடர் வாடியில் பொருளற்றது. கிடுகு வேய்ந்த அவ்வாடிகளும் ஒருவகை அடுக்கு மனைகளே. மேல்நோக்கி அடுக்காமல் மணலில் வரிசையாக அடுக்கியவை, அவ்வளவே. ஒரே உலை, ஒரே சோறு, ஒரே காற்றை நம்பிய பல தலைகள்.

ஆயினும் அவர்களுக்கு ஓய்வு நாள் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையை எடுத்துப் பாருங்கள். புகார்ப் பட்டினத்துப் பரதவர் ஒரு நாள் கடல்வேட்டைக்குச் செல்லாமல் இருக்கின்றனர். வலைகள் மணலில் உலர்கின்றன. சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வம் வழிபடுகின்றனர், தாழம்பூச் சூடுகின்றனர், பனங்கள் அருந்தி, மகளிரோடு உண்டு ஆடுகின்றனர். அந்நாளைப் புலவர் உவவு என்று குறிக்கிறார். முழுமதி நாள் என்பது உரை. இதனைப் பட்டின வருணனையின் ஓர் அழகு என்று கடந்து போவதே வகுப்பறை வழக்கம். தமிழில் ஒரு தொழிற்கூட்டத்தார் ஒருங்கே தொழில் நிறுத்தி மகிழும் நாளை இத்துணை விரிவாகக் காட்டும் பழம்பகுதி வேறுண்டோ என ஆராய்வது அதனினும் பயனுடையதென்பது எம் கருத்து.

முழுமதியை ஏன் தேர்ந்தனர்? வழிபாடு ஒரு காரணம். தொழிலும் ஒரு காரணமாகலாம். நிலவு பகல்போல் எறிக்கும் இரவில் வலை மீனின் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும் என்பர் தொழிலறிந்தோர். உவா நாள்களில் ஏற்றவற்றம் மிகுவதால் நீரோட்டமும் வலிதாகும். பாடு குறையும் நாளையே ஓய்வு நாளாக்கியது வறியவர் அறிவு.

பட்டினப்பாலை சோழ நாட்டுக் கரையைப் பாடியது; மன்னாருக்கு வேறு சான்று உண்டு. ஆங்கிலேயப் படையலுவலர் றொபேட் பேர்சிவல், 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இக்கரையின் முத்துக்குளிப்பை விரித்துரைத்துள்ளார். மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும் சில கிழமைகளுக்காகச் சிலாபத்துறைப் பக்கம் மணல்வெளியில் ஒரு நகரமே முளைக்கும். குளிப்பு முடிந்ததும் மறையும். உண்மையில் குளிக்கும் நாள்கள் முப்பதளவே என்கிறார் அவர். காரணம், காற்று மட்டுமன்று. குளிப்போர் பல சமயத்தவர், ஒவ்வொருவர்க்கும் தத்தம் பண்டிகை. எதிர்க்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கர் ஞாயிறுதோறும் தொழில் விட்டு அரிப்பிலிருந்த சிற்றாலயத்துக்குச் சென்றனர். நாளெண்ணிப் பணம் கட்டிய குத்தகைக்காரனுக்கு ஒவ்வொரு பண்டிகையும் நட்டம். எனினும் அவனால் தடுக்க முடியவில்லை. ரொறன்ரோ அச்சுக்கூடத்தார் எழுவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டு முன்னரே, மூச்சடக்கி மூழ்கிய இம்மக்கள் தம் நாளை விட்டுக்கொடாதிருந்தனர்.

ஞாயிறு மன்னார்க் கரையில் வேரூன்றியது இங்ஙனம். அவ்வேரைச் சட்டம் ஒருமுறை அசைத்துப் பார்த்தது. 1966இல் இலங்கை அரசு ஞாயிற்றை விலக்கி, மதியின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாள்களை வார விடுமுறையாக்கிற்று. ஏழு நாளும் எட்டு நாளுமாக வாரம் நீண்டு குறுகியது; ஞாயிறு பல பாடசாலை நாளாயின. 1971இல் அம்முறை கைவிடப்பட்டு ஞாயிறு மீண்டது; முழுமதி விடுமுறை மட்டும் நிலைத்தது. போயா என்பது பாளி மொழியின் உபோசத என்னும் சொல்வழி வந்தது. நம் உவா என்பதையும் உபவாசத்தோடு இணைத்துக் காண்போர் உளர். புகார்ப் பரதவர் கொண்டாடிய முழுமதி இன்று வேறொரு வழியாக அரச நாட்காட்டியில் ஏறியிருப்பதைச் சொல்லாராய்ச்சி செய்வோர் சுவைக்கலாம்.

மே நாளும் உண்டு. 1956 தொடக்கம் இலங்கையில் அரச விடுமுறை. இந்தியாவில் அதனை முதன்முதல், 1923இல், சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். அவர் மீனவர் குடியிற் பிறந்தவர்.

இனி, மகிழ்ச்சியற்ற ஒரு செய்தியையும் மாணவர்க்கு மறைத்தலாகாது. தொழில் செய்யாத நாளெல்லாம் ஓய்வு நாளன்று. போர்க்காலத்தில் அனுமதிச் சீட்டின்றிக் கடலில் இறங்கல் இயலாதிருந்தது. வள்ளம் கரையில் காய்ந்த அந்நாள்களை விடுமுறை என்பாருண்டோ? போர் 2009இல் முடிந்தது. பின்னர் வேறு தடை. இராமேசுவரம் பக்கத்து இழுவைப்படகுகள், நம்மவர் வாக்கில் றோலர்கள், கிழமையில் மூன்று நாள், பெரும்பாலும் திங்கள், புதன், சனி, கடலில் இறங்குவதும், ஏனைய நாள்களை நாட்டுப்படகுகளுக்கு விடுவதும் 1970களின் பிற்பகுதி முதல் அக்கரையில் ஏற்பட்ட ஒழுங்கு. தம்முள் பூசல் தவிர்க்க அவர்கள் செய்த பங்கீடு அது; செவ்விய ஏற்பாடே. ஆனால் அப்படகுகள் 1974இல் வரையறுத்த கடலெல்லையைத் தாண்டி வரும் இரவுகளில் பேசாலையார் வலை போட அஞ்சுகின்றனர். போட்டால் வலை அறுபடும். ஒரு வலைத்தொகுதியின் விலை ஒரு குடும்பத்தின் பல மாத வருவாய். ஆகவே அக்கரைத் தொழில் நாள்கள் இக்கரையின் வெறுநாள்களாகின்றன. இவ்வோய்வை மதியும் தரவில்லை, ஆலய மணியும் தரவில்லை. அக்கரையாரும் வறியவரே, படகில் வேலை செய்வோர் நாட்கூலியரே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் விலக்கியது. தமிழகத்துக் கீழ்க்கரையில் ஏப்ரில் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகுவதற்கென விதித்தது அது. அந்த அறுபத்தொரு இரவும் வலை அறுபடும் அச்சமின்றி மன்னார் வள்ளங்கள் வடகடலில் நிற்கும். சோளகம் எழுந்து தென்கடலை அடைக்கும் பருவமும் அதுவேயாதலால், அந்நாள்களை அவர்கள் விரல்விட்டு எண்ணிக் காத்திருப்பர். இப்போது புரட்டாதி, தடைக்காலம் முடிந்து மூன்று மாதம் சென்றுவிட்டது. வாடிகள் தென்கரைக்குப் பெயர்கின்றன.