சிவப்புத் துளியின் ஊற்றுக்கண்

பழைய ஆட்டோமேட்டிக் காரின் அடியில் எண்ணெய் சிந்தினால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமல்ல. எங்கிருந்து சிந்துகிறது என்று தெரியாமல் பணத்தை இறைப்பதுதான் ஆபத்து.

மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மிளகையும் சுக்கையும் மூக்கால் தரம் பார்ப்பது பழைய பழக்கம். பழைய ஆட்டோமேட்டிக் கார்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கும் மூக்கு கைகொடுக்கிறது. காரின் அடியில் சொட்டிய சிவப்பு எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தாலே கியர்பாக்ஸின் உடல்நிலை பாதி தெரிந்துவிடும். தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகத் தொடங்கிவிட்டன. வாடை இல்லாமல் செந்நிறமாக இருந்தால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மீதிப் பாதிதான் சிக்கல். அந்தத் துளி எங்கிருந்து வந்தது?

கொச்சியில் இந்தக் கேள்விக்கு அவசியம் அதிகம். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழை ஓய்ந்தாலும் காற்றில் உப்பும் ஈரமும் ஓய்வதில்லை. மேற்குக் கொச்சியின் தாழ்வான பகுதிகளில் கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் வீட்டு முற்றம்வரை வந்து போகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடித்தட்டும், எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் குழாய்களும் பெரும்பாலான பழைய கார்களில் இரும்பால் ஆனவை. பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து, கடைசியில் ஊசித்துளை விழுகிறது.

இன்னொரு காரணம் வளைகுடா. வீட்டுக்காரர் துபாயிலோ தோஹாவிலோ இருக்க, கார் பதினோரு மாதம் போர்ட்டிகோவில் உறைபோட்டு நிற்பதும், ஒரு மாத விடுமுறையில் மட்டும் ஓடுவதும் கேரளத்தில் புதிதல்ல. 1990களில் வந்த மாருதி ஜென், எஸ்டீம் ஆட்டோமேட்டிக் ரகங்களும், 1995இல் புனேயில் தயாராகத் தொடங்கிய மெர்சிடிஸ் கார்களும் இன்று கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டன. ஓடாமல் நிற்கும் வண்டிக்கு ரப்பர் சீல்தான் முதல் எதிரி. அது காய்ந்து, விறைத்து, சுருங்குகிறது.

இப்படிப்பட்ட காரில் ஒரு தவறான தீர்ப்பு அதன் ஆயுளையே முடித்துவிடும். சில நூறு ரூபாய் சீலில் தீர வேண்டிய விஷயத்துக்கு, கியர்பாக்ஸை இறக்கி முழுக்கப் பிரித்து மாட்டவேண்டும் என்று சொல்லிவிட்டால், அந்தச் செலவு காரின் மறுவிற்பனை விலையைத் தொட்டுவிடும். 15 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்குத் தாவியது. பலர் கணக்குப் பார்த்துவிட்டு வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சாதாரண கியர்பாக்ஸில் எண்ணெய் வெறும் மசகு. ஆட்டோமேட்டிக்கில் அதுவே வேலையாள். இன்ஜினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்துவது அந்த எண்ணெய். கிளட்ச் தகடுகளை அழுத்தி கியரை மாற்றுவதும், சூட்டை வெளியே எடுத்துப்போவதும் அதுவே. அளவு குறைந்தால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சுகிறது. அழுத்தம் விழுகிறது, தகடுகள் வழுக்குகின்றன, வழுக்கினால் சூடு, சூட்டினால் கருகல். கொச்சியின் பாலங்களில் ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகரத் தயங்குகிறதென்றால் இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டது என்று பொருள். இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம். கியர்பாக்ஸ் எண்ணெய் அப்படிச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கேயோ போயிருக்கிறது.

கசிவைத் தேடுபவர் முதலில் செய்யவேண்டியது, அது கியர்பாக்ஸ் எண்ணெய்தானா என்று உறுதி செய்வது. ராத்திரி காரின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்துவிட்டால் காலையில் சாட்சியம் தயார். நிறமற்ற நீர் ஏ.சி.யிலிருந்து வந்தது, பயமில்லை. கறுப்பாகவோ தேன் நிறமாகவோ இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். பச்சையாக, வழவழப்பாக இருந்தால் கூலன்ட். கியர்பாக்ஸ் எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போடுவதே மற்றதிலிருந்து பிரித்தறியத்தான். நாள்பட்டால் பழுப்பாகிவிடும். ஆனால் இங்கும் ஒரு பொறி உண்டு. பல பழைய கார்களின் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு எண்ணெய்தான். ஸ்டீயரிங் ஹோஸ் ஒழுகியதற்குக் கியர்பாக்ஸைக் கழற்றுவது இப்படித்தான் நடக்கிறது. ஸ்டீயரிங் எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரியும்.

அடுத்தது அளவு. எண்ணெய் நன்றாகச் சூடேறிய பின், சமதளத்தில், காரின் கையேடு சொல்லும் முறைப்படி டிப்ஸ்டிக்கைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிலவற்றில் நிறுத்திய உடனே பார்க்கவேண்டும். குளிர்ந்த நிலையில் அளந்து, குறைவு என்று நினைத்து ஊற்றுபவர்கள் ஏராளம். அதிகமாக ஊற்றிய எண்ணெய் நுரைத்து, மேலே உள்ள காற்றுத்துளை வழியாகப் பொங்கி வழியும். பார்ப்பவருக்கு அதுவும் கசிவுதான்.

மூன்றாவது படிதான் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. கழுவுவது. ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் தூசியும் அப்பிய கியர்பாக்ஸில் ஊற்றுக்கண்ணைத் தேடுவது வெள்ளத்தில் கிணற்றைத் தேடுவது போல. வண்டி ஆறிய பின் அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழுவி, உலரவிட்டு, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ராம்ப்பில் ஏற்றிப் பார்க்கவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காரின் அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. சந்தேகம் இருக்கும் இடத்தில் டால்கம் பவுடரைத் தூவினால், எண்ணெய் வரும் இடத்தில் சிவப்புக் கோடு விழும். வசதியுள்ள ஒர்க்‌ஷாப்பில் எண்ணெயோடு ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கில் தேடுவார்கள்.

ஓடும் காரில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளுகிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. எனவே துளி விழும் இடம் குற்றவாளி அல்ல. ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அங்கேதான் தேடவேண்டும். அடித்தட்டின் விளிம்பு முழுக்க ஈரம் என்றால் கேஸ்கெட். போல்ட்டுகளை இன்னும் முறுக்கினால் நிற்கும் என்று நினைப்பது தப்பு. தட்டு வளைந்து ஒழுகல் அதிகமாகும். ரேடியேட்டர் பக்கம் ஈரமென்றால் கூலர் குழாய். கியர் லிவரின் தண்டு நுழையும் இடம், டிப்ஸ்டிக் குழாயின் ஓ-ரிங், ஆக்சில் சீல் எல்லாம் வெளியிலிருந்தே மாற்றக்கூடியவை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவக் கூட்டின் அடியிலிருந்து சிவப்பாகச் சொட்டினால் மட்டுமே முன் பம்ப் சீலைச் சந்தேகிக்கலாம். அதற்குத்தான் கியர்பாக்ஸை இறக்கவேண்டும். அப்போதும் சொட்டுவது கறுப்பாக இருந்தால் அது இன்ஜினின் பின் சீல்.

தரையில் துளியே விழாத கசிவுகளும் உண்டு. சில பழைய கியர்பாக்ஸ்களில் இன்ஜினின் வெற்றிட அழுத்தத்தால் இயங்கும் மாடுலேட்டர் ஒன்று இருக்கும். அதன் சவ்வு கிழிந்தால் இன்ஜினே எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். புகைக்குழாயில் வெண்புகை, டிப்ஸ்டிக்கில் குறைவு, தரையில் ஒன்றுமில்லை. இன்னொன்று இதைவிடக் கொடியது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் அரித்துப்போனால் எண்ணெயும் நீரும் கலந்து ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் நிறமாகிவிடும். 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக்கிடந்தபோது நீரில் முழுகிய கார்களுக்கும், 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் சிக்கியவற்றுக்கும் காற்றுத்துளை வழியாக இதே கதி நேரக்கூடும். தகடுகளின் உராய்வுப் பூச்சு காகித வகையைச் சேர்ந்தது, பசையால் ஒட்டப்பட்டது. நீர் பட்டால் உரியும். இளஞ்சிவப்புப் பால் தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வண்டியைத் தூக்கிச் செல்வதே புத்திசாலித்தனம்.

மாதக்கணக்கில் நின்ற காருக்கு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. டார்க் கன்வர்ட்டரில் இருக்கும் எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தட்டில் சேர, அதன் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்து, சாதாரணமாக எண்ணெயைத் தொடாத லிவர் தண்டின் சீல் வழியே சிந்தும். விடுமுறைக்கு வந்தவரை முதலில் வரவேற்கும் சிவப்புக் குட்டை பெரும்பாலும் இதுவாக இருக்கலாம். சீலை மாற்றி, அளவைச் சரிசெய்து, வாரம் ஒருமுறை யாராவது வண்டியை ஓட்டினால் போதும்.

எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதும் அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல. 1960களில் இந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெய் கலக்கப்பட்டது. சூட்டைத் தாங்கி, தகடுகளை இதமாகப் பிடிக்க வைத்தது அதுதான். 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்ததும் மாற்று தேடவேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் வந்த மாற்று எண்ணெய் ஒன்று கூலர்களின் பற்றவைப்பை அரித்து, புதிய கசிவுகளை உண்டாக்க, அதையும் திருத்த நேர்ந்தது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. கையேட்டில் குறித்த ரகத்தை ஊற்றவேண்டும். கசிவை நிறுத்துவதாகச் சொல்லும் மருந்துகள் ரப்பரைச் சற்று ஊதவைத்து நாள் கடத்தும். கிழிந்த சீலையும் துருவேறிய குழாயையும் அவை குணப்படுத்துவதில்லை.

இப்போதைய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே இல்லை. ஆயுளுக்கும் மாற்றவேண்டாத எண்ணெய் என்று விளம்பரம் வேறு. யாருடைய ஆயுள் என்று கேட்பாரில்லை. பழைய காரிலாவது இழுத்துப் பார்க்க ஒரு குச்சி இருக்கிறது, விரித்து வைக்க ஓர் அட்டை கிடைக்கிறது. ஸ்பானரை எடுக்குமுன் அவற்றை எடுப்பவருக்குச் செலவு ஆயிரத்தில் முடியும். எடுக்காதவருக்கு அது லட்சத்தில் தொடங்கலாம்.